ஓடாத குழாயில் வாயு எப்படி வந்தது?

கேள்வி: ரஷ்யாவிலிருந்து பால்டிக் கடலடி வழியாக ஜெர்மனிக்கு இயற்கை வாயு கொண்டுபோகப் பதித்த நார்ட் ஸ்ட்ரீம்-2 குழாய் இயங்கவே இல்லை என்கிறார்கள். பிறகு 2022 செப்டம்பரில் பால்டிக் கடலில் அது உடைந்தபோது அவ்வளவு வாயு கொப்பளித்தது எப்படி?

பதில்: 2021 செப்டம்பரில் குழாய் பதிப்பு முடிந்த சில மாதங்களிலேயே, எந்த நேரமும் திறக்கலாம் என்று வாயுவை நிரப்பி வைத்துவிட்டார்கள். அழுத்தம் சுமார் 105 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). உக்ரைன் மீது படையெடுப்பு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, 2022 பிப்ரவரி 22-ல், ஜெர்மனி அனுமதி நடைமுறையை நிறுத்தியது. உள்ளே இருந்த வாயு அப்படியே தங்கிவிட்டது.

சுமார் 1,230 கி.மீ. நீளத்துக்குக் கடலடியில் அடைப்பு வால்வு ஒன்றுகூடக் கிடையாது. இரு கரைகளில் மட்டுமே உண்டு. அதனால் நடுவில் வெடித்தால் நிறுத்த வழியில்லை. அழுத்தம் சுமார் 7 பாருக்கு இறங்கியது. 70 மீட்டர் ஆழத்தில் கடல்நீர் தரும் அழுத்தமும் அதுதான். அதன்பின் உப்புநீர் உள்ளே புகும், எஃகு அரிக்கும்.

நார்ட் ஸ்ட்ரீம்-1, அதன் அருகே பதித்த நார்ட் ஸ்ட்ரீம்-2 இரண்டிலும் இரண்டிரண்டு குழாய்கள்; மொத்தம் நான்கு குழாய்களில் மூன்று உடைந்தன. நார்ட் ஸ்ட்ரீம்-2-இன் ஒரு குழாய் மட்டும் தப்பியது.

சர்ச்சையின் வேர் பழையது. தன் நிலம் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த ரஷ்ய வாயுவுக்கான கட்டணமும் பேரம்பேசும் பலமும் போய்விடும் என்று உக்ரைன் கடைசிவரை எதிர்த்தது. அந்த அச்சம் நியாயமானதே.