ஒரு நாள் என்பது எவ்வளவு நேரம்? கோள்களின் தற்சுழற்சி: கேள்வி பதில்

கேள்வி: பூமி ஒருமுறை தன்னைத்தானே சுற்ற 24 மணி நேரம் ஆகிறது என்று பள்ளியில் படித்தோம். சில நூல்களில் 23 மணி 56 நிமிடம் என்று இருக்கிறது. எது சரி?

இரண்டு எண்களும் சரியானவையே; பள்ளியில் படித்த வாக்கியத்தில்தான் பிழை இருக்கிறது. தொலைவில் உள்ள ஒரு விண்மீனைக் குறியாக வைத்துக்கொண்டு பார்த்தால், பூமி ஒரு முழுச் சுற்றை 23 மணி 56 நிமிடம் 4 நொடியில் முடித்துவிடுகிறது. இதை விண்மீன் நாள் என்கிறோம். ஆனால் அதற்குள் பூமி தன் சுற்றுப்பாதையில் ஏறத்தாழ ஒரு பாகை நகர்ந்துவிடுவதால், சூரியன் மீண்டும் உச்சிக்கு வர அது இன்னும் சற்றுத் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கூடுதல் நான்கு நிமிடமும் சேர்ந்ததே 24 மணி நேரச் சூரிய நாள். ஓர் ஆண்டில் நாம் 365 விடியல்களைக் காண, பூமியோ 366 முறை சுழன்றிருக்கிறது. கோள்களின் நாள் பற்றி எங்கு படித்தாலும், அது எந்த நாளைக் குறிக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வரும் ஐயங்களில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடுகின்றன.

கேள்வி: வெள்ளியில் ஒரு நாள் அதன் ஆண்டைவிட நீளமானது என்பது உண்மையா?

விண்மீன் நாளைக் கொண்டு சொன்னால் உண்மை. வெள்ளி சூரியனைச் சுற்ற நம் கணக்கில் 225 நாட்கள் எடுத்துக்கொள்கிறது. தன்னைத்தானே சுற்றவோ 243 நாட்கள் ஆகின்றன. ஆனால் அதன் தரையில் நின்று ஒரு விடியலிலிருந்து அடுத்த விடியல் வரை எண்ணினால் 117 நாட்களே வரும். காரணம், வெள்ளி பிற பெரும்பாலான கோள்களுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. சுழற்சியும் சுற்றுப்பாதை ஓட்டமும் எதிரெதிராக இருப்பதால் சூரியன் விரைவாகத் திரும்பி வருகிறது. அங்கே அது மேற்கில் உதித்துக் கிழக்கில் மறையும். இதே வேகத்தில் வெள்ளி நேர்த்திசையில் சுழன்றிருந்தால், இரண்டு விடியல்களுக்கு இடையில் சுமார் எட்டு ஆண்டுகள் கடந்திருக்கும். கணக்கிட்டுப் பாருங்கள், திசை ஒன்றே நாளின் நீளத்தை எவ்வளவு மாற்றுகிறது என்பது விளங்கும்.

கேள்வி: வெள்ளியை எப்போதும் மேகம் மூடியிருக்கிறதே, பிறகு அதன் சுழற்சியை எப்படி அளந்தார்கள்?

ரேடார் மூலம் அளந்தார்கள். ரேடியோ அலைகள் மேகத்தை ஊடுருவித் தரையில் பட்டுத் திரும்புகின்றன. சுழலும் கோளின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது, மறு விளிம்பு விலகிச் செல்கிறது; அதனால் எதிரொலியின் அதிர்வெண் ஒரு புறம் சற்று உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் வரும். அந்த வேறுபாட்டின் அளவிலிருந்து சுழற்சி வேகம் கிடைக்கிறது. 1960களின் தொடக்கத்தில் இந்த முறையில்தான் வெள்ளியின் பின்னோக்கிய சுழற்சி தெரியவந்தது. மேகங்களை மட்டும் நம்பியிருந்தால் ஏமாந்திருப்போம். மேல் மேகங்கள் நான்கே நாட்களில் கோளைச் சுற்றி வந்துவிடுகின்றன.

கேள்வி: புதன் எப்போதும் ஒரே முகத்தைச் சூரியனுக்குக் காட்டுகிறது என்று ஒரு பழைய நூலில் படித்தேன். இது சரியா?

அந்தக் கருத்து நெடுங்காலம் நிலவியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி, புதனின் சுழற்சிக் காலமும் அதன் ஆண்டைப் போலவே 88 நாட்கள் என்று முடிவு செய்தார். 1965இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்த அரேசிபோ ஆய்வகத்தின் ரேடார் அதை மறுத்து, 59 நாட்கள் என்று காட்டியது. கவனமான ஒருவர் ஏன் தவறினார் என்பதற்கும் காரணம் உண்டு: புதனைத் தெளிவாகப் பார்க்க ஏற்ற காலங்கள் வரும்போதெல்லாம், அது ஏறத்தாழ அதே முகத்தையே நமக்குக் காட்டும்படி அந்தக் காலக்கணக்கு அமைந்துவிட்டது. புதன் சூரியனை இருமுறை சுற்றும்போது தன்னைத்தானே மிகச் சரியாக மூன்று முறை சுற்றுகிறது. ஆகவே அதன் சூரிய நாள் 176 பூமி நாட்கள், அதாவது இரண்டு புதன் ஆண்டுகள்.

கேள்வி: செவ்வாயின் நாள்?

சூரிய நாள் 24 மணி 39 நிமிடம் 35 நொடி. நமக்கு மிக நெருக்கமானது. ஆயினும் செவ்வாயில் இறக்கிய ஆளில்லா ஊர்திகளைப் பூமியிலிருந்து இயக்கும் குழுவினர் செவ்வாய் நேரத்தைப் பின்பற்றினால், அவர்களது வேலைநேரம் தினமும் சுமார் 40 நிமிடம் தள்ளிப்போகும்.

கேள்வி: வியாழன் அவ்வளவு பெரியதாக இருந்தும் பத்து மணி நேரத்திற்குள் சுழல்வது எப்படி? திடமான தரையே இல்லாத கோளுக்கு எதை வைத்து நாளைக் கணக்கிடுகிறார்கள்?

பெரியது மெதுவாகத்தான் சுழல வேண்டும் என்ற விதி இல்லை. கோள் உருவானபோது சுழன்றுகொண்டிருந்த பொருளை உள்ளிழுத்த அளவுக்கு அதன் சுழற்சியும் கூடியது. புதனைப் போலச் சூரியனின் ஈர்ப்பால் அது தடுக்கப்படவும் இல்லை. அந்த வேகத்தில் வியாழனின் நடுப்பகுதி புடைத்து, நடுக்கோட்டு ஆரம் 71,492 கி.மீ. ஆகவும் துருவ ஆரம் 66,854 கி.மீ. ஆகவும் இருக்கின்றன.

மேகங்களைக் கொண்டு அளந்தால் நடுக்கோட்டில் 9 மணி 50 நிமிடமும், துருவங்களை நோக்கி ஏறத்தாழ ஐந்து நிமிடம் கூடுதலாகவும் வரும். எனவே ஆழத்தில் தோன்றும் காந்தப்புலத்தையே சான்றாகக் கொள்கிறார்கள். அது சாய்ந்து சுழல்வதால் வரும் ரேடியோ துடிப்பு 9 மணி 55 நிமிடம் 30 நொடி என்று சொல்கிறது. சனியில் இந்த வழி அடைபட்டுவிட்டது. அதன் காந்த அச்சும் சுழல் அச்சும் அநேகமாக ஒன்றாகவே இருப்பதால் துடிப்பு நம்பத்தக்கதாக இல்லை. முடிவில் அதன் வளையங்களே உதவின. கோளின் உள்ளே எழும் அதிர்வுகள் வளையத்துகள்களில் உண்டாக்கும் அலைகளைச் சனியைச் சுற்றிவந்த காசினி விண்கலம் பதிவு செய்திருந்தது. அவற்றிலிருந்து 10 மணி 33 நிமிடம் 38 நொடி என்ற அளவு 2019இல் வெளியானது. கோள் அறிவியலின் மிக அழகிய அளவீடுகளில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன்.

கேள்வி: பூமியின் நாள் நீண்டுகொண்டே போகிறதா?

ஆம். நிலவின் ஈர்ப்பால் கடல்நீரில் எழும் ஓதப் புடைப்பைப் பூமியின் சுழற்சி நிலவுக்கு முன்னால் இழுத்துச் செல்கிறது. நிலவு அந்தப் புடைப்பைப் பின்னோக்கி இழுப்பதால் பூமி வேகம் குறைகிறது; பூமி இழந்த கோண உந்தத்தை, அதாவது சுழற்சியின் உந்தத்தை, பெற்று நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிச் செல்கிறது. 1963இல் தொல்லுயிரியலாளர் ஜான் வெல்ஸ், சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியன் காலப் பவளப் புதைபடிவங்களின் நுண் வளர்ச்சிக் கோடுகளை எண்ணி, அக்காலத்து ஆண்டில் சுமார் 400 நாட்கள் இருந்தன என்று காட்டினார். இன்றோ நூற்றாண்டுக்கு இரண்டு மில்லிநொடிக்கும் குறைவாகவே நாள் நீள்கிறது. கடிகார நேரத்தில் அவ்வப்போது கூடுதலாகச் சேர்க்கப்படும் லீப் நொடிகள் ஏன் தேவைப்பட்டன என்றால், அணுக்கடிகார நொடி 19ஆம் நூற்றாண்டின் நாளையொட்டி வரையறுக்கப்பட்டது. நாளுக்கு நாள் சேரும் அந்தச் சிறு வேறுபாட்டை ஈடுசெய்ய 1972 முதல் 2016 வரை 27 லீப் நொடிகள் சேர்க்கப்பட்டன.

கேள்வி: யுரேனஸின் நாள் 17 மணி நேரம் என்கிறார்கள், அதன் துருவத்தில் 42 ஆண்டுகள் பகல் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

சுழற்சிக்கு 17 மணி 14 நிமிடம். துருவத்தின் பகல் இரவு என்பது வேறு. எந்தக் கோளின் துருவத்திலும் பகலையும் இரவையும் தருவது தற்சுழற்சி அன்று, சுற்றுப்பாதையே. யுரேனஸின் அச்சு 98 பாகை சாய்ந்திருப்பதாலும், அதன் ஆண்டு நமது 84 ஆண்டுகள் என்பதாலும், இந்த நிலை கோளின் பெரும்பகுதிக்கும் பரவுகிறது. 1986இல் வாயேஜர் 2 விண்கலம் கடந்து சென்றபோது தென் துருவம் சூரியனை நேராக நோக்கியிருந்தது. வட அரைக்கோளத்தின் பெரும்பகுதி தொடர் இருளில் கிடந்தது. 2007இல் சூரியன் நடுக்கோட்டுக்கு நேரே வந்தபோது, இரு அரைக்கோளங்களிலும் 17 மணி நேரத்திற்கு ஒருமுறை விடிந்தது.