மும்பையில் விமானம் மாற ஆறு மணி நேரம் இருக்கிறது: வெளியே போய் வரலாமா?

உள்நாட்டு விமானம் மாறும்போது பகலில் ஆறு மணி நேரம் கிடைக்கிறது, மும்பையும் புதிது என்கிறீர்கள். தாராளமாகப் போய் வரலாம், ஆனால் ஒரே ஒரு இடம்தான். அடுத்த விமானம் எந்த முனையத்தில், டி1-ஆ (டெர்மினல் 1), டி2-ஆ (டெர்மினல் 2), பெட்டி நேராக அதற்கே போய்விடுமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்வே ஆஃப் இந்தியா இன்னொரு முறைக்கு இருக்கட்டும். நான் தமிழர்கள் நிறைய இருக்கும் மாட்டுங்கா பகுதியைத்தான் சொல்வேன். டி2-இல் மெட்ரோ 3 பிடித்தால் நெரிசலில் சிக்காமல் தாதர் வந்துவிடலாம். அங்கிருந்து கருப்பு மஞ்சள் டாக்ஸி எடுங்கள். ஆட்டோவைத் தேடாதீர்கள், பாந்த்ரா, சயானுக்குத் தெற்கே அது ஓடாது. ஆஸ்திக சமாஜம் கோயில் பக்கம் இறங்கினால் தொடுத்த மல்லி, வாழை இலை, காபிப் பொடி என்று நம்மூர்க் கடைகள். பல கடைகளில் தமிழிலேயே விலை கேட்கலாம். அப்புறம் கஃபே மெட்ராஸ்: ரச வடை, சுடச்சுட ஃபில்டர் காபி. ஞாயிறு காலை என்றால் வரிசை நீளம், ராமா நாயக் உடுப்பிக்குப் போய் இலைச் சாப்பாடு சாப்பிடுங்கள்.

விமானத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே நிலையத்துக்குத் திரும்பிவிடுங்கள். இடைவெளி நான்கு மணி நேரத்துக்கும் குறைவா? டி2-இன் ‘ஜய ஹே’ கலைச் சுவரே போதும்.