கோவேறு கழுதைகள் மேயும் காசு

கேள்வி: பழைய ரோமானிய வெண்கலக் காசுகளில் நிறைய அரசியல் உண்டு என்கிறார்களே, பேரரசர் தலையைத் தவிர அதில் என்ன இருக்கிறது?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: காசைப் புரட்டிப் பாருங்கள், விஷயமெல்லாம் பின்பக்கத்தில்தான். தங்கம் பெரிய இடத்துப் புழக்கம். ரொட்டிக்கும் குளியலுக்கும் சில்லறையாகப் போனது செம்பும் வெண்கலமும். சாமானியனுக்குச் சொல்ல வேண்டியதை அரசு அதில்தான் பொறித்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, கி.பி. 97-இல் பேரரசர் நெர்வா வெளியிட்ட செஸ்டெர்ஷியஸ் என்ற காசு. வெண்கலம் என்று சொல்கிறோமே தவிர, அது பித்தளை. சுமார் 25 கிராம், கையில் கனக்கும். பின்பக்கத்தில் இரண்டு கோவேறு கழுதைகள் ஆளுக்கொரு திசையில் தலைகுனிந்து மேய்கின்றன. பின்னால் பூட்டவிழ்த்த வண்டி. சுற்றிலும், 'இத்தாலியில் வண்டிச் சுமை நீக்கப்பட்டது' என்ற வாசகம். அரசுத் தூதரும் அதிகாரியும் சாலையில் போனால், வண்டியும் விலங்கும் கொடுக்கிற பொறுப்பு வழியிலுள்ள ஊர்களின் தலையில் விழும். இத்தாலிய ஊர்களுக்கு அந்தச் செலவிலிருந்து விலக்கு தந்தார் நெர்வா. எழுத்தறியாத விவசாயிக்கும் அந்தப் படம் புரிந்திருக்கும். ஓர் அரசாணையை இவ்வளவு அழகாகச் சொன்ன காசு வேறு இல்லை என்பேன்.

அவருக்கு முந்தைய பேரரசர் காலிகுலா ஏலவரியை, அதாவது ஏலம் போன விலையில் இருநூறில் ஒரு பங்கு வாங்கும் வரியை, ரத்து செய்தபோது குவாட்ரன்ஸ் என்ற பொடிக்காசில் தன் தலையைப் போடவில்லை. விடுதலையான அடிமை அணியும் தொப்பியைப் பொறித்தார்! இன்னொரு பேரரசர் நீரோ, போர் இல்லாதபோது மட்டும் மூடப்படும் ஜானஸ் கோயிலின் மூடிய கதவைப் போட்டு, நிலத்திலும் கடலிலும் அமைதி என்றார். ஆனால் 66-இல் ரோம ஆட்சிக்கு எதிராக யூதேயாவில் கிளர்ச்சி வெடித்தது.

உங்கள் ஊர் அமராவதி மணலில் கிடைத்த ரோமானியச் செப்புக்காசுகளில் பல இவற்றுக்கு வெகுகாலம் பிந்தியவை. 4, 5-ஆம் நூற்றாண்டின் சின்னக் காசுகள்.

கேள்வி: சரி, மக்கள் இதையெல்லாம் கவனித்தார்களா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். நீரோவுக்கு எதிராக 68-இல் கலகம் மூண்டபோது, அவர் உருவம் உள்ள காசுகளில் 'செனட்டும் ரோம மக்களும்' என்பதன் முதலெழுத்துகளை முத்திரையாக அடித்தார்கள், சிலவற்றில் கழுத்தின் மேலேயே. காலிகுலா 41-இல் கொல்லப்பட்டார். அப்புறம் அவர் முகமுள்ள வெண்கலக் காசுகளை உருக்கிவிடச் சொன்னது செனட். தப்பிப் பிழைத்த சில காசுகளில் முகம் அப்படியே இருக்கிறது. அவர் பெயரின் முதலெழுத்தை மட்டும் யாரோ உளியால் கொத்தி எடுத்திருக்கிறார்கள்.