தலைக்கட்டு வரி நோட்டு

அன்புள்ள ஐயா,

மதத்தைப் பற்றி நாத்திகரான நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். சாமி பயமும் போய்விட்டால் மனுஷனை எது தடுக்கும்? எங்கள் ஊரில் மாரியம்மன் பண்டிகைக்குத்தான் பெங்களூரு, திருப்பூர் போன பிள்ளைகள் எல்லாம் திரும்பி வருகிறார்கள். ஊரே ஒன்றாக இருக்கிற அந்த மூன்று நாளையும் மூடநம்பிக்கை என்பீர்களா?

பெயர் வேண்டாம், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

மாவிளக்கு எடுப்பதிலும் கூழ் ஊற்றுவதிலும் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. கட்டட வேலைக்குப் போன பையன் அம்மாவைப் பார்க்க வர அதுதான் சாக்கு என்றால், நன்றாக நடக்கட்டும்.

சாமி பயம் நம் தர்மபுரியில் என்றைக்குக் குறைந்திருந்தது? ஆனாலும் பெண் சிசுக்கொலைக்குப் பேர் போன மாவட்டம் இது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் இங்கேயும் கொண்டுவர வேண்டியிருந்தது. கள்ளிப்பால் ஊற்றிய வீட்டிலும் வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றித்தான் இருப்பார்கள். தீட்டோடு கோயில் படி ஏற விடாத பயம், அந்தக் கையைப் பிடிக்கவில்லையே.

அப்புறம், 'ஊரே ஒன்றாக'. பண்டிகைக்குக் குடும்பவாரியாக வசூலிக்கும் வரியை எழுதிவைக்கும் உங்கள் ஊர் நோட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். மேலே பிள்ளையார் சுழி, ஓரத்தில் மஞ்சள், கீழே வரிசையாகத் தலைக்கட்டுகள், அதாவது குடும்பங்கள், எதிரே தொகை. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மகனுக்குக்கூட தனி வரி போட்டிருப்பார்கள், ஒரு ரூபாய் விடமாட்டார்கள். ஆனால் பல ஊர்களில் அந்த நோட்டில் காலனியில் இருக்கும் தலித் குடும்பங்களின் பெயர் ஒன்றுகூட இருக்காது. அவர்களே கொண்டுவந்து நீட்டினாலும் வாங்கமாட்டார்கள். வரி வாங்கினால் பங்கு வந்துவிடும்: சாமி அந்தத் தெருவுக்கும் போக வேண்டும், பொங்கல் வைக்க இடம் விட வேண்டும், கணக்குக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். காசு வேண்டாம் என்று சொல்லும் கோயில் கமிட்டியை வேறு எதற்காவது பார்த்திருக்கிறீர்களா?

என் பக்கத்து நாத்திகர்கள் கோபித்தாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2012 நவம்பர் 7 அன்று நம் மாவட்டத்துத் தலித் குடியிருப்புகளான நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்தது எந்தச் சாமிக்காகவும் அல்ல. ஒரு பெண்ணும் பையனும் சாதி தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டதற்காக. சாமியை விட்டால் சாதி தானாகப் போய்விடும் என்பது எங்கள் ஆட்களின் மூடநம்பிக்கை. கறுப்புச் சட்டைக்காரர் வீட்டிலும் வரன் பார்க்கும்போது 'நம்ம ஆளுங்களா?' என்ற கேள்வி வரத்தான் செய்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி பழுத்த ஆத்திகர். 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காங்கிரஸ்காரரான வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துப் போனபோது, வழக்கு அவர்கள்மேல் பாயாதபடி சட்டம் கொண்டுவந்தது ராஜாஜியின் அரசுதான். வைத்தியநாதய்யரும் பக்தர்தான்.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த பண்டிகைக்குக் கூட்டம் போடும்போது, காலனித் தலைக்கட்டுகளையும் நோட்டில் எழுதலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். நான் சொன்னால் 'நாத்திகன், இவனுக்கென்ன' என்று எழுந்து போய்விடுவார்கள். உங்கள் ஊரில் ஏற்கெனவே எழுதியிருந்தால் ரொம்ப சந்தோஷம். இல்லையென்றால், கூட்டத்தில் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள்.