பாதுகாப்பு ஓட்டைகளை ஏஐ ஏஜென்ட் வைத்துத் தேடுவது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஒரு சிவிஇ எண்ணை, அதாவது மென்பொருள் ஓட்டை ஒவ்வொன்றுக்கும் தரப்படும் அடையாள எண்ணை, கொடுத்து ஏஐயிடம் கேட்டேன். விவரம், ஆபத்தின் அளவைக் காட்டும் மதிப்பெண், சரிசெய்த வெர்ஷன் எல்லாம் கடகடவென்று சொன்னது. போய்ப் பார்த்தால் அந்த எண் வேறொரு மென்பொருளுடையது!

பதில்: தம்பி, அது தேடிச் சொல்லவில்லை, நினைவிலிருந்து சொல்லியிருக்கிறது. சிவிஇ எண் வண்டி நம்பர் மாதிரி. ஓர் இலக்கம் மாறினால் வண்டியே வேறு. ஏஜென்ட், அதாவது தானே கருவிகளை இயக்கி வேலை செய்யும் ஏஐ, இந்த ஓட்டைகளைப் பதிந்து வைக்கும் என்விடி, ஓஎஸ்வி போன்ற தரவுத்தளங்களின் ஏபிஐயை (நிரல்கள் தரவு கேட்டு வாங்கும் வழி) அழைத்து, வந்த பதிவைப் படித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். என் ஏஜென்ட்டுக்கு நான் எழுதி வைத்திருக்கும் முதல் வரி இது: "பதிவு கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று மட்டும் சொல்." பதிவின் சுட்டியையும் கேட்டு வாங்கி, ஒருமுறை திறந்து பாருங்கள்.

கேள்வி: பழைய ஜாவா புராஜெக்ட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. லாக்4ஜே (ஜாவா நிரல்கள் பதிவுக் குறிப்பு எழுதப் பயன்படுத்தும் நூலகம்) ஓட்டையான சிவிஇ-2021-44228க்கு 2.15.0 போதும் என்கிறது ஏஜென்ட். சரிதானா சார்?

பதில்: போதாது. சிவிஇ-2021-44228 வெளியானது 2021 டிசம்பரில், மதிப்பெண் பத்துக்குப் பத்து. அதற்கு வந்த 2.15.0 திருத்தம் முழுமையாக இல்லை என்று அடுத்த எண் வந்தது, 45046. அதற்கு 2.16.0. பிறகு 45105, அதற்கு 2.17.0. மாதம் முடிவதற்குள் 44832, அதற்கு 2.17.1. ஏஜென்ட் நீங்கள் கேட்ட ஒரே எண்ணுக்குச் சரியான பதிலைத்தான் தந்திருக்கிறது, கேள்விதான் குறுகிப்போனது. எண்ணை விட்டுவிட்டு, "லாக்4ஜே-கோர் 2.15.0இல் இன்றுவரை தெரிந்த ஓட்டைகள் எல்லாம் என்னென்ன?" என்று பேக்கேஜையும் வெர்ஷனையும் வைத்துக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த டிசம்பரில் எங்கள் குழுவில் புராஜெக்ட் பயன்படுத்தும் நூலகங்களைப் பட்டியலிடும் பாம் (pom.xml) கோப்பைப் பார்த்துவிட்டு லாக்4ஜே இல்லை என்று நிம்மதியாக இருந்தோம். வெளியிலிருந்து வாங்கிய ஒரு மென்பொருளின் வார் (.war) கோப்பை, அதாவது ஜாவா வலைச் செயலியின் பொட்டலத்தை, பிரித்துப் பார்த்தபோது லிப் ஃபோல்டரில் லாக்4ஜே 2.13 உட்கார்ந்திருந்தது. ஏஜென்ட்டும் அப்படித்தான், நீங்கள் காட்டும் கோப்பை மட்டுமே பார்க்கும். சர்வரில் உண்மையில் ஓடுகிற ஜார் (.jar, ஜாவா நூலகப் பொட்டலம்) கோப்புகளின் பட்டியலைக் கொடுங்கள்.

கேள்வி: டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) சர்வரில் பேட்ச், அதாவது திருத்தம், எல்லாம் போட்டாகிவிட்டது. இருந்தும் பழைய வெர்ஷன், ஆபத்து என்கிறதே ஏஜென்ட்?

பதில்: பேக்போர்ட் செய்திருப்பார்கள். டெபியன் போன்றவை வெர்ஷனை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்க்கும். 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வந்தபோது, அதன் 1.0.1ஜி-யில்தான் திருத்தம். டெபியன் 7 வைத்திருந்தவர்களுக்கோ 1.0.1இ என்றே காட்டும், பின்னால் வரும் டெப்7யு5 என்ற ஒட்டில்தான் திருத்தம் இருக்கிறது. அதனால் முழு பேக்கேஜ் வெர்ஷனையும் கொடுத்து, டெபியனின் சொந்தப் பாதுகாப்புப் பட்டியலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அறுபது ஓட்டை காட்டுகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது? சிலவற்றுக்கு மதிப்பெண்ணே இல்லை.

பதில்: முதலில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா வைத்திருக்கும் கேஇவி பட்டியலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே தாக்குதலில் பயன்பட்டவை அதில் இருக்கும். அப்புறம் இபிஎஸ்எஸ், அதாவது அடுத்த 30 நாளில் தாக்கப்படும் வாய்ப்பு. மதிப்பெண் காலியாக இருந்தால் ஆபத்தில்லை என்று விட்டுவிடாதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து என்விடியில் ஆய்வு வேலை தேங்கி, ஏராளமான பதிவுகள் மதிப்பெண் இல்லாமலே கிடந்தன.

கேள்வி: ஏஜென்ட்டே பேட்சும் போட்டுவிடட்டுமா?

பதில்: வேண்டாம். படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். அது படிக்கிற பக்கத்தில் யாராவது "இந்தக் கட்டளையை ஓட்டு" என்று எழுதி வைத்திருந்தால் அதையும் நம்பிவிடக்கூடும்.

கேள்வி: ஓட்டை எதுவும் இல்லை என்று சொன்னால் நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: அன்றைய தேதிக்குப் பதிவானது எதுவும் இல்லை, அவ்வளவுதான். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) ஒளிந்திருந்தது. எஸ்எஸ்ஹெச் லாகின் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைவது) அரை நொடி தாமதமாவது ஏன் என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் தோண்டிப் பார்த்து, 2024 மார்ச் 29 அன்று வெளியே சொன்னார். அதற்கு முந்தைய நாள் எந்தத் தரவுத்தளத்திலும் அதற்குப் பதிவு கிடையாது. பேக்கேஜ் பட்டியலைச் சேமித்து வைத்துக்கொண்டு, தினமும் இரவில் ஒருமுறை தேட விடுங்கள்.