விரல் எங்கே இருக்கிறது? – வாசகர் கேள்விகள்

இரண்டாம் வகுப்பு மகள் பாடத்தை மளமளவென்று வாசிக்கிறாள். வேறு புத்தகம் கொடுத்தால் வாயே திறப்பதில்லை. (தாராபுரம்)

அவள் வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறாள். விரல் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாய் மூன்றாம் வரிக்குப் போயிருக்கும், விரல் முதல் வரியிலேயே நிற்கும். கோரஸாகக் கத்தியே படித்த பிள்ளைகளிடம் இது சகஜம்.

பையனுக்கு வாசிப்பே வரவில்லை. என்ன செய்யலாம்? (காங்கயம்)

எந்த வகுப்பு, என்ன வயசு, கண் பரிசோதித்தீர்களா, ஒன்றும் எழுதவில்லை. கடிதத்தை வைத்து ஜோசியமா பார்க்க முடியுமுங்க?

247 எழுத்தும் முடித்த பிறகுதான் சொற்களா? (அந்தியூர்)

எதற்கு? ப, ட, ம, கூட ஒரு புள்ளி. படம், மடம், பட்டம் வந்தாயிற்று. அன்றைக்கே வாசிக்க விடுங்கள்.

எட்டு வருஷமாக எழுத்தறிவுப் பயிற்சிகளுக்குப் போகிறேன். பிள்ளைகளுக்கு உண்மையில் பலன் உண்டா? (ஆசிரியை, கோபி)

உண்டு. ஆனால் பயிற்சி அறையோடு முடிந்தால் கொஞ்சம்தான். குறுவள மையத்தில் (சுற்றுப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் இடம்) காலையில் கையெழுத்து, பதினொன்றுக்கு போண்டா, மதியம் ஸ்லைடு, நாலு மணிக்கு பஸ். மறுநாள் வகுப்பில் என்ன நடந்தது என்று எட்டிப் பார்ப்பவர் யார்? பயிற்றுநராக இருந்த காலத்தில் நானும் பார்த்ததில்லை.

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில், செட்ஸ்வானா மொழிப் பள்ளிகளில் 2015, 2016இல் இதைச் சோதித்தார்கள். ஒரே பாடக்குறிப்பு, ஒரே வாசிப்புப் புத்தகங்கள். சில பள்ளி ஆசிரியர்களுக்கு மையத்தில் பயிற்சி. வேறு சில பள்ளிகளில் பயிற்றுநரே வகுப்புக்கு வந்து உட்கார்ந்து உதவினார். இரண்டு வருஷத்தில், இந்த உதவி எதுவும் இல்லாத பள்ளிகளைவிட வாசிப்பில் கிடைத்த கூடுதல் முன்னேற்றம், வகுப்புக்கு ஆள் வந்த பள்ளிகளில் மையப் பயிற்சிப் பள்ளிகளைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அங்கே பிள்ளைகளைச் சிறு குழுவாக வைத்துத் தனித்தனியே வாசிக்கவிடும் பழக்கம் கூடியிருந்தது.

தமிழக அரசின் தொடக்கப் பள்ளித் திட்டமான நம் ‘எண்ணும் எழுத்தும்’ 2022இல் வந்தபோதே பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரித்தாயிற்று. பிரிப்பது சுலபம். அரும்பில் இருக்கும் பிள்ளை இந்த வாரம் எத்தனை முறை தனியாக வாசித்தது? பக்கத்து வகுப்பு டீச்சரை அரை மணி நேரம் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து எண்ணச் சொல்லுங்கள். நான் ஒரு முறை எண்ணியதில் முப்பது பேரில் மூன்று பேர்தான் வாசித்தார்கள். மூன்றும் முன்வரிசை.

வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் ஒடியா, இந்தி பேசுகிறார்கள். எழுத்திலிருந்தே தொடங்கலாமா? (திருப்பூர்)

பேச்சும் கூடவே வரட்டும். பொருள் தெரியாமல் எழுத்துக்கூட்டினால் சத்தம்தான் மிஞ்சும். கையில் தொட்ட தட்டையும் பையையும் சொல்லவைத்து எழுதிக் காட்டுங்கள். அப்புறம், கோரஸ் இங்கேயும் வேண்டாம்.