அந்த டம்ளர் சத்தம் யாருக்கு?

கேள்வி: எனக்கு 44 வயது. துறைமுகத்துக்குக் கண்டெய்னர் அனுப்பும் நிறுவனமொன்றில் வேலை. நாள் முழுக்க லாரிக்காரர்களோடு போனில் சண்டை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மன அமைதிக்காக இரவு ஒன்பதிலிருந்து பத்தரை வரை கதவைச் சாத்திக்கொண்டு வீணை, புல்லாங்குழல் கேட்கிறேன். திருவொற்றியூர் வடிவுடையம்மன் மீது தியாகராஜர் பாடிய ஐந்து கிருதிகளும் தினமும் உண்டு. ஆனாலும் மனம் அடங்கவில்லை. பக்கத்து அறையில் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். ஏதாவது வேண்டுமென்றால் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுவார். மனைவி போய்ப் பார்த்துக்கொள்கிறாள் என்றாலும், சத்தம் இடையில் வந்து விழுகிறது. ரத்த அழுத்தத்துக்கு ஏற்ற ராகம் எது? வெளிச்சத்தத்தை அடக்கும் ஹெட்போன் வாங்கலாமா?
– பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: ஹெட்போன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த வகை ஹெட்போன் பஸ் எஞ்சின், ஏசி போல ஒரே சீராக வரும் தாழ்ந்த இரைச்சலைத்தான் நன்றாக அடக்கும். திடீரென்று 'ணங்' என்று விழும் எவர்சில்வர் சத்தம் கொஞ்சமாவது உள்ளே வந்துவிடும். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் உங்கள் அம்மாதான் ஜெயிப்பார். எனக்கு அதில் மகிழ்ச்சியே.

மன அமைதி கேட்டு வரும் கடிதங்களுக்கு இந்தப் பகுதியில் குறைவே இல்லை. எல்லாவற்றிலும் ஒரு சாத்திய கதவு இருக்கும். கதவுக்கு வெளியே யார் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்கு என்ன கேட்கிறீர்கள் என்பதெல்லாம் விவரமாக இருக்கிறது. அம்மா எதற்காகத் தட்டுகிறார் என்பது மட்டும் இல்லை. தண்ணீருக்கா, கழிப்பறைக்கா, ஒருக்களித்துப் படுக்கவா? வாய்விட்டுக் கூப்பிடாமல் ஏன் டம்ளரை எடுக்கிறார்? குரல் எழும்பவில்லையா, அல்லது கூப்பிட்டால் மகன் கோபித்துக்கொள்வான் என்று தெரிந்துகொண்டாரா? பக்கத்து அறையில் இருக்கும் உங்களுக்கு இதற்கு விடை தெரியவில்லை என்றால், உங்கள் மனம் அடங்காததில் எனக்கு வியப்பில்லை. அடங்கியிருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன்.

'மனைவி போய்ப் பார்த்துக்கொள்கிறாள்.' நன்று. பெற்றவளைக் கவனிப்பது மகனின் கடமை. மருமகள் செய்வது உதவி. நான் பழைய காலத்து ஆள், இதில் மாறமாட்டேன். உங்கள் கடமையை அவர் தலையில் கட்டிவிட்டு, அந்த நேரத்தில் ஆலாபனை கேட்கிறீர்கள். உங்கள் மனைவிக்கு ரத்த அழுத்தம் பார்த்து எவ்வளவு நாளாயிற்று?

அந்த ஐந்து கிருதிகளில் சாவேரி ராகத்தில் அமைந்த ஒன்று, அம்மனைப் பெற்ற தாயே என்று அழைத்துத் தொடங்குகிறது. நீ என் பக்கம் இருக்க நான் ஏன் வருந்த வேண்டும் என்று கேட்கிறார் தியாகராஜர். இதைத் தினமும் கேட்கிறீர்களாம்.

ராகத்துக்கு வருகிறேன். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று சுற்றிவரும் பட்டியல்களை நம்பாதீர்கள். நீலாம்பரி ராகத்தைத் தாலாட்டோடு சேர்த்து வைத்திருக்கிறோம். அது நம் பழக்கம், மருந்துச்சீட்டு அல்ல. உடம்பு பெரிதும் கவனிப்பது வேகத்தைத்தான். விளம்ப காலத்தில், அதாவது மெதுவான நடையில், மூச்சு தணியும்; வேகமான துரித காலத்தில் ஏறும். 2006இல் வெளியான ஓர் ஆய்வில் இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு 24 பேருக்கு ஆறு வகை இசையைப் போட்டுப் பார்த்தது. அவற்றில் மெதுவான இந்திய ராகமும் ஒன்று. நடுவே இரண்டு நிமிடம் இசையை நிறுத்தியபோதுதான் அவர்களின் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும், தொடங்குவதற்கு முன் இருந்ததைவிடவும் இறங்கின. நீங்கள் அப்படி இரண்டு நிமிடம் இசையை நிறுத்துவதே இல்லை. நிறுத்தினால் டம்ளர் கேட்டுவிடுமே!

வீணை கேட்கத் தனியறை வேண்டும் என்று யார் சொன்னார்கள்? உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத ஜார்ஜ் டவுனில்தான் வீணை தனம்மாள் வாழ்ந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டிலேயே வாசிப்பார். மைக் கிடையாது. விரல் நகத்தால் மீட்டும் அந்த மெல்லிய நாதத்தைக் கேட்கப் பெரிய வித்வான்களே வந்து அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அது மகள்களும் பேரப்பிள்ளைகளுமாக நிறைந்த வீடு. பாடகிகள் பிருந்தா, முக்தா, நடனக் கலைஞர் பாலசரஸ்வதி மூவரும் அவருடைய பேத்திகள். ஆள் நடமாட்டத்தில் சங்கீதம் கெட்டுப்போகும் என்றால் அந்த வீட்டில்தான் முதலில் கெட்டிருக்க வேண்டும்.

நாளை இரவிலிருந்து அம்மாவின் அறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். சின்ன ஸ்பீக்கர் போதும். அவர் காதுக்கு இதமான அளவில் வையுங்கள். வீணை பிடிக்கவில்லை, பழைய பாட்டு வேண்டும் என்றால் அதைப் போடுங்கள். ஒன்பதிலிருந்து பத்தரை வரை தண்ணீர் கொடுப்பதும், தலையணை சரிசெய்வதும், கழிப்பறைத் தேவையைக் கவனிப்பதும் உங்கள் பொறுப்பு. பழக்கமில்லை என்பீர்கள், நாலு நாளில் கை பழகிவிடும். அந்த ஒன்றரை மணி நேரம் உங்கள் மனைவி தூங்கட்டும், டிவி பார்க்கட்டும், மாடிக்குப் போய் நிற்கட்டும். என்ன செய்தாய் என்று விசாரிக்காதீர்கள்.

ராகம் கேட்கிறோமே என்று மாத்திரையை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். அதை டாக்டர் சொல்லட்டும். ஹெட்போனுக்கு எடுத்து வைத்த பணத்தில் ஒயர் இல்லாத காலிங் பெல் ஒன்று வாங்குங்கள். மிகக் குறைந்த விலைக்கே கிடைக்கும். பொத்தானை அம்மாவின் கைக்கு எட்டும் இடத்தில் கட்டுங்கள். ஒலிக்கும் பெட்டியை உங்கள் தலைமாட்டில் வையுங்கள், மனைவி படுக்கும் பக்கம் வேண்டாம்.